போடி ரயிலும் பயர்மேனின் ஷவலும்

ஏலக்காய் வாணிகத்திற்குப் பெயர்பெற்ற போடிநாயக்கனூருக்கு மதுரையிலிருந்து மீட்டர் பாதை ரயில் 1928-இல் வந்தது. 2010 முடிவில் மூடப்பட்ட இப்பாதை 2023-இல் அகலப் பாதையாகப் போடிவரை திறக்கப்பட்டது. நீராவிக் காலத்தில் ரயிலை மேட்டில் ஏற்றியது எது? எஞ்சின் என்பீர்கள். கரி அள்ளிய ஷவலையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு கணக்குப் போடுவோம். ஒரு ஷவலில் 5 கிலோ நிலக்கரி. அதன் வெப்பம் 30,000 கிலோகலோரி எனக் கொள்வோம். எஞ்சினின் திறன் நூற்றுக்கு 6 என்றால் பயனாவது 1,800 மட்டுமே. அது 100 டன் ரயிலை ஏறத்தாழ ஏழரை மீட்டர் உயர்த்தும். போடியோ மதுரையைவிட ஏறத்தாழ 200 மீட்டர் உயரம். அதற்கே 26 ஷவல் கரி வேண்டும், உராய்வுக்கு வேறு.

பெரிய ஷவல் வாங்கினால் என்ன? கரியைக் குவித்துப் போட்டால் காற்று ஊடுருவாது. கரி சரியாக எரியாமல் புகையும். மெல்லிய அடுக்காகப் பரப்ப வேண்டும். ஆகவே அடுப்பு வாயில் நுழையும் குறுகிய தகடும், நெருக்கடியில் திரும்ப வசதியான குட்டைப் பிடியும் தேவை.

ஷவல் ஒரு கிலோ கூடுதல் கனமானால், நூறு வீச்சில் நூறு கிலோ வீண்சுமை. அதைத் தாங்குவது பயர்மேனின் முதுகு. கருவி வாங்கும்போது விலையை மட்டும் பார்த்தால் போதாது என்பது விளங்குகிறதல்லவா?