தட்டு இறக்கியவர்களும் கணக்கு போட்ட மாணவரும்

போன வாரம் ஆபீஸ்ல மூணு நாள் முழுக்க டேட்டா கிளீனிங். ஒருத்தர் தேதியை ஒரு மாதிரி போட்டிருக்கார், இன்னொருத்தர் வேற மாதிரி. அப்பதான் இந்த ஏரிக் கதை ஞாபகம் வந்தது.

1865. ஆஞ்செலோ செக்கி என்ற இத்தாலியப் பாதிரியார், வானியலாளரும்கூட. போப்பின் கப்பலிலிருந்து மத்தியதரைக் கடலில் ஒரு வெள்ளைத் தட்டை இறக்கிப் பார்த்தார். தட்டு எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறையுதோ, அதுதான் தண்ணீரின் தெளிவு. பேட்டரி வேண்டாம், சென்சார் வேண்டாம். ஏரிகளில் இன்னைக்கும் இதே முறைதான். தட்டு 20 சென்டிமீட்டர், கறுப்பு வெள்ளை.

இவ்வளவு சுலபம்னா யார் வேணா அளக்கலாமே? அமெரிக்காவில், மினசோட்டா பல்கலைக்கழகத்தின் ஜோசப் ஷப்பிரோ 1973-ல் அதைத்தான் தொடங்கினார். பொதுமக்கள் படகில் போய், தட்டை இறக்கி, ஆழத்தை எழுதி அனுப்பணும்.

சரி, 'இரண்டு மீட்டர்'னு எழுதிட்டாங்க. அது நல்லதா, கெட்டதா? இங்கேதான் அந்த ஆய்வகத்தில் மாணவராக இருந்த ராபர்ட் கார்ல்சன் வருகிறார். 1977-ல் 0 முதல் 100 வரை ஒரு அளவுகோலை வெளியிட்டார். தெளிவு 64 மீட்டர்னா 0. தெளிவு பாதியாகும்போதெல்லாம் 10 கூடும். 2 மீட்டருக்கு 50, 1 மீட்டருக்கு 60. ஆமா, நம்ம பேஸ் 2 லாகரிதமேதான்! ஒவ்வொரு 10-ம் பாசி இருமடங்கானதைக் காட்டும். சேற்றால் கலங்கிய ஏரிக்கு இது பொருந்தாது. மத்தபடி, உரமும் சாக்கடையும் கொண்டுவரும் பாஸ்பரஸ் ஏரியை எங்கே தள்ளுதுன்னு யாருக்கும் ஒரே எண்ணில் சொல்லிடலாம்.

1994-ல் அதே கார்ல்சன், தன்னார்வலர்கள் அவரவர் ஏரியில் தட்டை இறக்கி அளக்கும் 'செக்கி டிப்-இன்' நிகழ்வைத் தொடங்கினார். 2014-ல் வந்த ஓர் ஆய்வு, இப்படி மக்கள் அளந்த எண்களை வைத்தே 8 மாநிலங்களின் 3,000-க்கும் மேற்பட்ட ஏரிகளின் போக்கைப் பார்த்தது. எந்த ஆய்வகமும் தன் ஆட்களை மட்டும் அனுப்பி இவ்வளவு ஏரிகளை அளந்திருக்க முடியாது.

தட்டு மலிவுதான். ஆனா நோட்டுப் புத்தகத்தை டேட்டாவாக்க ஒருத்தர் வருஷக்கணக்கில் உட்காரணும். அவருக்கும் வாடகை இருக்கு, பசி இருக்கு. 'க்ளியான்' என்ற உலக ஏரி ஆய்வு வலையமைப்பு ஆராய்ச்சி மாணவர்களுக்கு ஃபெல்லோஷிப் நடத்தியதும் இந்த மாதிரி வேலைக்குத்தான்: பல ஏரிகளின் டேட்டாவைச் சேர்த்து அலசுவது.

தன்னார்வலர் உழைப்பு இலவசம்னு கொண்டாடுறோம். அதைப் படிக்கிறவருக்குச் சம்பளம் தரலேன்னா, அத்தனை படகுப் பயணமும் ஒரு அட்டைப்பெட்டியில தூங்கிடும். அடுத்த எபிசோட்ல சந்திப்போம்!