வரப்பிலிருந்து இறங்காத ஆசிரியை



நினைவுப் பேருரை என்றதும் நம் மாவட்டத்துப் பெயர் ஒன்றை எதிர்பார்த்திருப்பீர்கள். தாட்சாயணி வேலாயுதன் கொச்சிக்காரர். ஆனால் 1946இல் அரசியல் நிர்ணய சபைக்கு அவர் போனது சென்னை மாகாண உறுப்பினராக. சேலமும் நாமக்கல்லும் அன்று அந்த மாகாணத்தின் ஊர்கள். அந்தச் சபையின் ஒரே தலித் பெண் நம் பேரிலும்தான் அங்கே உட்கார்ந்தார்.

1912இல் முளவுகாடு தீவில் புலையர் குடும்பத்தில் பிறந்தவர். அடுத்த ஆண்டே, கரையில் கூட்டம் போட இடம் மறுக்கப்பட்டதால், அவர் உறவினர்கள் முன்னின்று காயலில் வள்ளங்களைச் சேர்த்துக் கட்டி அதன்மேல் மாநாடு நடத்தினார்கள். எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியில் வேதியியல் படித்தபோது சோதனைகளை அவருக்குக் கிட்டே காட்டவில்லை. தள்ளி நின்று பார்த்தே கற்றார். 1935இல் பட்டம் பெற்றார். சென்னையில் ஆசிரியர் பயிற்சியும் முடித்தார். 1945 வரை திருச்சூர், திருப்பூணித்துறை அரசுப் பள்ளிகளில் வேலை.

அந்தக் காலத்துச் செய்தி ஒன்றை அவர் குடும்பத்தார் சொல்லியிருக்கிறார்கள். இருபுறமும் நெல்வயல், நடுவே ஒற்றை வரப்பு. எதிரே வந்த மேல்சாதிப் பெண், வயலில் இறங்கி வழிவிடச் சொன்னார். டீச்சர் நகரவில்லை. கடைசியில் சேற்றில் இறங்கியவர் அந்தப் பெண்தான். முதல் தலைமுறையாகப் படித்து, நலப்பள்ளிகளில் டீச்சராகி, இன்று பேரப்பிள்ளைகளோடு இங்கே வந்திருக்கும் நம் அம்மாக்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ராசிபுரத்திலும் ஆத்தூரிலும் வரப்பு உண்டு.

1940இல் சேவாகிராமத்தில் காந்தி, கஸ்தூர்பா முன்னிலையில் ரா. வேலாயுதனை மணந்தார். தொழுநோயாளி ஒருவர் சடங்கு நடத்திவைத்தார். பின்னாளில் கணவனும் மனைவியும் தற்காலிக நாடாளுமன்றத்தில் ஒன்றாக உறுப்பினர்களாக இருந்தார்கள். ஐந்து பிள்ளைகளையும் வளர்த்தார்கள்.

அவரிடம் நமக்கு மாறுபாடு உண்டு. தனித் தொகுதியை அவர் ஏற்கவில்லை. பாபாசாகேப் அதற்காகப் போராடியவர். இந்தக் கேள்வியில் நாம் பாபாசாகேப் பக்கம். நம் மேடைகளில் தாட்சாயணியின் பெயர் குறைவாக ஒலிப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறோம். ஆனால் அவர் யாருக்கும் தலையாட்டியவர் அல்லர். 1948இல் அரசியல் சட்ட வரைவு அதிகாரத்தை மையத்தில் குவிக்கிறது என்று சபையிலேயே குறை சொன்னார். அதே ஆண்டு நவம்பர் 29 அன்று, இன்றைய 17ஆம் பிரிவான தீண்டாமை ஒழிப்பு விவாதத்துக்கு வந்தது. அதை ஆதரித்துப் பேசியவர், எழுதிவைத்தால் மட்டும் நடக்காது, அரசுகள் மக்களிடம் போய்ப் பிரச்சாரம் செய்ய வேண்டும் என்றார். பாடத்தைக் கரும்பலகையில் எழுதிவிட்டால் பிள்ளைகளுக்கு வந்துவிடாது என்று தெரிந்த ஒருவரின் பேச்சு அது.

1977இல், அறுபத்தைந்து வயதில், தில்லியில் தலித் பெண்களைத் திரட்டி மகிளா ஜாக்ரிதி பரிஷத்தைத் தொடங்கினார். மறு வருடம் ஜூலையில் காலமானார்.