உறவுமுறை: பழனிமலைக் குறிப்புகளுடன்

உறவுமுறை என்பது பிறப்பாலும் மணத்தாலும் ஒருவருக்கு ஒருவர் உரியவராகும் ஒழுங்கு. அந்த ஒழுங்கைத் தாங்கும் சொற்களையும் அப்பெயரே குறிக்கும். 'உறவு' என்பது 'உறு' என்னும் வினையிலிருந்து பிறந்தது. பொருந்துதல், சேர்தல், நெருங்குதல் என்பன அதன் பொருள்கள். கேள், கிளை, சுற்றம், ஒக்கல், தமர் எனப் பழந்தமிழில் இதற்குப் பெயர்கள் பல. ஆனால் இன்றும் பேச்சில் ஆட்சி செய்யும் சொல் 'முறை'தான். கொடைக்கானலை அடுத்த வில்பட்டி போன்றதொரு மலையூரில் கல்யாணப் பந்தியில் முன்பின் தெரியாத இருவர் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்தால், எந்த ஊர், யார் வீட்டில் பெண் எடுத்தது, யாருக்குக் கொடுத்தது என்று விசாரணை நீளும். "அப்படின்னா நீங்க எனக்கு மாமா முறை வேணும்" என்ற இடத்தில் அது நிற்கும். அதன்பின் பேச்சின் தொனியே வேறு. கேலிக்கும் உரிமை வந்துவிடும்.

சங்க காலத்தில் பல உறவுச் சொற்களுக்குள்ளேயே 'யாருடைய' என்பதும் அடங்கியிருந்தது. என் தகப்பன் எந்தை, உன் தகப்பன் நுந்தை, அவன் தகப்பன் தந்தை. அவ்வாறே யாய், ஞாய், தாய். எம்பி, நும்பி, தம்பி. எங்கை, நுங்கை, தங்கை. பிற்காலத்தில் படர்க்கை வடிவங்கள் மட்டும் நிலைத்தன. ஆகவே 'என் தங்கை' என்று நாம் சொல்லும்போது, பழைய கணக்கில் 'என் அவர்தம் இளையாள்' என்றாகிறது. யாய், ஞாய், எந்தை, நுந்தை ஆகிய நான்கும் சேர்ந்து வருவது செம்புலப்பெயனீரார் பாடிய குறுந்தொகை 40ஆம் பாட்டில். உறவில்லாத இருவர் ஒன்று சேர்ந்த வியப்பே அதன் பொருள். உறவுக்குள் மணம் செய்வதே வழக்கமான உலகில்தான் அந்த வியப்புக்கு இவ்வளவு கனம் இருக்க முடியும் என்று தோன்றுகிறது.

தமிழ் உறவுச் சொற்களின் அச்சாணி மணமே. பெரியப்பா, சித்தப்பா மக்களும் பெரியம்மா, சின்னம்மா மக்களும் அண்ணன், தம்பி, அக்காள், தங்கை. மாமன், அத்தை மக்களோ மச்சான், மதினி, கொழுந்தியாள். கட்டிக்கொள்ளும் முறை உள்ளவர்கள். ஒரு பக்கம் பங்காளி, மறுபக்கம் மாமன் மச்சான். 'பங்காளி' என்ற சொல்லிலேயே சொத்துப் பங்கு இருப்பதைக் கவனிக்க வேண்டும்.

இந்த ஒழுங்கு உலக ஆய்வுக்குள் வந்தது அமெரிக்கா வழியாக. நியூயார்க் மாநிலத்துச் செனகா பழங்குடியினரின் உறவுச் சொற்களை ஆராய்ந்த லூயிஸ் ஹென்றி மார்கன், பல நாடுகளுக்கு வினாப்பட்டியல் அனுப்பினார். தமிழ்ச் சொற்களை அவருக்குத் தந்தவர்கள் ஆற்காடு மிஷனின் ஸ்கட்டர் குடும்பப் பாதிரியார்கள். தந்தையின் உடன்பிறந்தானும் தந்தையே, தாயின் உடன்பிறந்தாளும் தாயே என இரு மொழிகளும் கொண்ட ஒற்றுமை மார்கனைத் திகைக்க வைத்தது. அமெரிக்கப் பழங்குடியினர் ஆசியாவிலிருந்து வந்தவர்கள் என்பதற்கு இதையே சான்றாக்கி 1871இல் நூல் வெளியிட்டார். சொல் ஒற்றுமையைக் கொண்டு வம்சாவளி காட்டும் அந்த வாதம் நிற்கவில்லை. மதுரை வட்டாரத்துப் பிரமலைக் கள்ளரிடையே தங்கி ஆராய்ந்த பிரெஞ்சு அறிஞர் லூயி துய்மோன், திராவிட உறவுச் சொற்கள் மணத்தின் வெளிப்பாடு என்று 1953இல் எழுதினார். ஊர்ப் பெரியவர்கள் 'முறை' என்ற ஒரே சொல்லில் வைத்திருந்தது அதுதான்.

இந்த முறை நிலத்தோடும் பிணைந்திருந்ததைக் கொடைக்கானல் அடங்கிய பழனிமலைத் தொடரில் காணலாம். அங்குள்ள பழைய உழவர் குடியான குன்னுவர் (மன்னாடியார்) தம் முன்னோர் தாராபுரம், காங்கேயம் பக்கத்திலிருந்து மலையேறியவர்கள் என்பர். அவர்களைப் பற்றி நெல்சனின் மதுரை நூல் (1868), பிரான்சிஸின் மதுரை கெஜட்டியர் (1906), தர்ஸ்டனின் தென்னிந்தியச் சாதி, பழங்குடித் தொகுப்பு (1909) ஆகியன பதிந்துள்ள வழக்கங்கள் கருத்தூன்றிப் படிக்கத்தக்கவை. அக்காலத்தில் அத்தை மகள் மேல் ஆணுக்கு உரிமை இருந்தது. வயது வேறுபாடு தடையாக இருக்கவில்லை. ஆண்பிள்ளை இல்லாத வீட்டிலோ, மகளை வீட்டின் நிலைக்காலுக்கே மணம் முடிப்பார்கள். கழுத்தில் தாலிக்குப் பதிலாக வலது மணிக்கட்டில் வெள்ளி வளையல் ஏறும். அவள் பெற்றோர் வீட்டிலேயே இருப்பாள். தன் சாதியில் விரும்பியவனோடு வாழலாம். பிறக்கும் மகன் அவள் வழியாகத் தாத்தாவின் நிலத்துக்கு உரியவனாவான். வீட்டைக் காப்பது என்ற பொருள்படும் பெயரால் இவ்வழக்கத்தை அழைத்தனர். இதில் ஒழுக்கக்கேட்டையே முதலில் காண்பது எளிது. அது நியாயமில்லை. நிலம் பங்காளி கைக்குப் போகாமல் தடுக்க, மாப்பிள்ளையின் இடத்தில் வீட்டையே நிறுத்திய குடும்பத்தின் வழி அது. அந்தப் பாரத்தைச் சுமந்தது வளையலணிந்த பெண்தான் என்பதையும் மறைக்கக் கூடாது.

பின்பு மணத்தையும் நிலத்தையும் சட்டம் தொட்டது. 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம் நெருங்கிய உறவுகளுக்குள் மணத்தைத் தடுத்தாலும், இரு தரப்பின் வழக்கமும் அனுமதித்தால் செல்லும் என்று இடம் விட்டது. அதனால் மாமன் மகள் மணம் சட்டத்துக்குள்ளேயே நின்றது. 1956ஆம் ஆண்டின் வாரிசுரிமைச் சட்டம் மகளைத் தந்தையின் வாரிசாக்கியது. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பிறப்புரிமைப் பங்கைத் தமிழ்நாடு 1989இலேயே திருத்தம் மூலம் தந்தது. நாடு முழுவதற்கும் அது வந்தது 2005இல். இச்சட்டங்களின் கீழ் மகளே பங்குக்கு உரியவள். தந்தையின் நிலம் அவளுக்கு வர நிலைக்கால் மாப்பிள்ளையாக வேண்டியதில்லை.