பகடையின் உள்ளே

பாரிஸ் நகரின் நிர்வாகத்தைக் கவனித்துவந்த எத்தியென் புவாலோ என்ற அரச அதிகாரி, 1268-ஆம் ஆண்டு வாக்கில், அந்நகரத்துத் தொழிற்குழுக்களின் விதிகளையெல்லாம் ஒரே நூலில் தொகுத்தார். ரொட்டி சுடுபவர்கள் எத்தகைய மாவைப் பயன்படுத்தலாம், நெசவாளர் எத்தனை தறிகள் வைத்துக்கொள்ளலாம் என்று நீளும் அந்த நூலில், பகடை செய்பவர்களுக்கும் தனியாக ஒரு பகுதி இருக்கிறது. எலும்பிலும் தந்தத்திலும் கொம்பிலும் பகடை கடைவதைப் பிழைப்பாகக் கொண்ட ஒரு கூட்டம், சங்கம் வைத்துக்கொள்ளும் அளவுக்கு அங்கே பெருகியிருந்தது. அவர்கள் தங்களுக்குத் தாங்களே விதித்துக்கொண்ட தடைகளில் முக்கியமானது, பகடைக்குள் ஈயம் வைக்கக்கூடாது என்பது. ஒரே எண்ணை இரு முகங்களில் பொறிக்கக்கூடாது என்பதும் அதே வகையைச் சேர்ந்தது.

இந்தத் தடையை முதலில் படித்தபோது, இதில் மறைந்திருக்கும் ஒப்புதல் வாக்குமூலம்தான் என் கண்ணில் பட்டது. யாரும் செய்யாத காரியத்தை எந்தச் சங்கமும் தடைசெய்வதில்லை. இரண்டாவது குற்றத்தைப் பகடையைச் சுற்றிப் பார்த்தே பிடித்துவிடலாம். முதலாவது அப்படியல்ல. எலும்பின் உட்புறம் வெளியே தெரியாது. பகடையின் வரலாறு நெடுகிலும் வந்துகொண்டே இருக்கும் கேள்வி இதுதான்: உள்ளே என்ன இருக்கிறது?

நம் ஊர்க் கதைசொல்லிகள் இந்தக் கேள்வியை நன்றாகவே அறிந்திருந்தார்கள். சகுனியின் பகடை அவன் தந்தையின் எலும்பால் ஆனது, அதனால்தான் அது அவன் சொற்படி விழுந்தது என்பது வாய்மொழியாக வழங்கும் கதை. வியாச பாரதத்தில் இது இல்லை. மூலத்தில் அவன் வெறும் கைத்திறன்காரன். மக்களுக்கு அது போதவில்லை போலும். கையில் இருந்த வஞ்சகத்தை எடுத்துப் பகடைக்குள் வைத்துவிட்டார்கள்.

பகடை எப்போதுமே ஒழுங்கான கனசதுரமாக இருந்துவிடவில்லை. ரிக் வேதத்தின் பத்தாம் மண்டலத்தில் வரும் சூதாடியின் புலம்பலில் உருள்பவை தான்றிக்காய்கள். கிரேக்கர்கள் ஆட்டின் கணுக்கால் எலும்பை அப்படியே உருட்டினார்கள். மொகஞ்சதாரோவில் கிடைத்த சுடுமண் பகடைகள் கனசதுரங்கள்தாம், ஆனால் அவற்றில் ஒன்றுக்கு எதிரே இரண்டும், மூன்றுக்கு எதிரே நான்கும், ஐந்துக்கு எதிரே ஆறும் குழிக்கப்பட்டிருந்தன. எதிரெதிர் முகங்களைக் கூட்டினால் ஏழு வரவேண்டும் என்று இன்று நாம் கருதுவது பின்னாளில் வேரூன்றிய பழக்கம். கீழடியில் தந்தப் பகடைகள் கிடைத்திருக்கின்றன. வள்ளுவர் சூதுக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கி, அதில் 'கவறு' என்ற பழஞ்சொல்லைக் கையாண்டதும் வாசகர்கள் அறிந்ததே.

நெதர்லாந்தில் அகழ்ந்தெடுக்கப்பட்ட நூற்றுக்கு மேற்பட்ட பகடைகளை ஜெல்மர் எர்கென்ஸ், அலெக்ஸ் டி வூக்ட் என்ற இரு தொல்லியலாளர்கள் அளந்து பார்த்தார்கள். ரோமானியர் காலத்துப் பகடைகளில் பெரும்பாலானவை கோணலாக இருந்தன. ஒரு பக்கம் நீண்டும் ஒரு பக்கம் குறுகியும் கிடந்த அவற்றை, உருட்டியவர்கள் ஒரு குறையாக எண்ணியதாகவே தெரியவில்லை. 1100-க்குப் பிறகு மொகஞ்சதாரோவில் கண்ட அதே வரிசை அங்கே பரவலாகியிருக்கிறது. 1450 வாக்கில் எண்கள் ஏழு என்ற கூட்டுத்தொகைக்கு மாற, பகடைகளும் ஒழுங்கான வடிவத்துக்கு வந்துசேர்ந்தன. விழும் எண்ணைத் தீர்மானிப்பது தெய்வம் என்று நம்புகிறவனுக்குக் கோணல் ஒரு பொருட்டல்ல, அது வடிவத்தைச் சார்ந்தது என்று ஐயுறத் தொடங்கியவனுக்குத்தான் அளவுகோல் தேவைப்படுகிறது என்பது அவர்களுடைய விளக்கம். கார்டானோ தம் சூதாட்ட நூலை எழுதியது பதினாறாம் நூற்றாண்டில், பாஸ்கலும் பெர்மாவும் கடிதங்களில் நிகழ்தகவை விவாதித்தது 1654-இல் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், கணிதவாதிகளுக்கு முன்பே பகடை கடைந்தவர்களின் கைகள் அந்த ஐயத்தை உணர்ந்துவிட்டன என்று சொல்லத் தோன்றுகிறது.

உள்ளே என்ன இருக்கிறது என்ற கேள்விக்குப் பருப்பொருளால் விடை சொன்னது செல்லுலாய்டு. 1870-இல் ஜான் வெஸ்லி ஹயாத் அதற்குக் காப்புரிமை பெற்றபோது அவர் மனத்தில் இருந்தவை தந்தப் பில்லியர்ட்ஸ் பந்துகளுக்கு ஒரு மாற்று. ஆனால் அந்தப் பொருளைக் கண்ணாடி போலத் தெளிவாகவும் செய்யமுடிந்தது. ஊடுருவிப் பார்க்கமுடிகிற பகடைக்குள் ஈயத்தை ஒளித்துவைப்பது எளிதல்ல. அமெரிக்கச் சூதாட்ட விடுதிகள் அதை விரும்பி ஏற்றுக்கொண்டன. இன்றும் அங்கே உருளும் சிவப்புப் பகடை தெளிவாகத்தான் இருக்கிறது, பொருள் மட்டும் செல்லுலோஸ் அசிடேட். பக்கம் முக்கால் அங்குலம், விளிம்புகள் கூர்மையானவை. புள்ளிகளைக் குடைந்தெடுத்தால் எடை குறையும் என்பதால், அதே அடர்த்தியுள்ள வண்ணப்பொருளால் குழிகளை நிரப்பிச் சமன்செய்கிறார்கள்.

அந்தப் பழைய செல்லுலாய்டுப் பகடைகளின் முடிவு விநோதமானது. பல பத்தாண்டுகள் மாற்றமில்லாமல் இருந்துவிட்டு, திடீரென அவை சிதையத் தொடங்குகின்றன. முதலில் மூலைகளில் படிகம் போல் விரிசல்கள், பிறகு நைட்ரிக் அமிலத்தின் ஆவி, கடைசியில் பொடி. ரிக்கி ஜே என்ற அமெரிக்க மாயவித்தைக்காரர் (2018-இல் மறைந்தார்) இப்படி மடிந்துகொண்டிருந்த பகடைகளைச் சேகரித்துவைத்திருந்தார். அவற்றை ரோசமண்ட் பர்செல் எடுத்த புகைப்படங்களோடு ஒரு சிறு நூலும் வந்தது. ஏமாற்றுக்காரர்களைப் பற்றி நிறைய எழுதிய ஒருவர், எவரும் ஏமாற்றாமலே பகடைகள் தாமாகவே கெட்டுப்போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது எனக்குப் பிடித்த செய்தி.

பல முகப் பகடைகளின் கதை வேறு. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில், எகிப்தில் கிடைத்த, கிரேக்க எழுத்துகள் பொறித்த இருபது முகக் கல் பகடை உண்டு. பழமை இருந்தும் தொடர்ச்சி இருக்கவில்லை. 1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னிசனும் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டை வெளியிட்டபோது, அதற்குத் தேவையான நான்கு, எட்டு, பன்னிரண்டு, இருபது முகப் பகடைகள் கலிபோர்னியாவில் பள்ளிகளுக்குக் கணிதக் கருவிகள் விற்ற ஒரு நிறுவனத்திடமிருந்துதான் வரவேண்டியிருந்தது. மட்டமான மென்பிளாஸ்டிக். இருபது முகப் பகடையில் சுழியம் முதல் ஒன்பது வரை இருமுறை எண்ணிட்டிருப்பார்கள், பாதி முகங்களுக்கு ஆடுபவர்களே வண்ணம் தீட்டி வேறுபடுத்திக்கொள்ள வேண்டும். சில மாதங்கள் உருட்டினால் விளிம்பு தேய்ந்து கூழாங்கல்லாகிவிடும். 1979 வாக்கில் பகடைக்குப் பஞ்சம் வந்து, பெட்டிகளில் எண்ணிட்ட அட்டைத் துண்டுகளை வைத்து விற்றார்கள் என்றால் நிலைமையை ஊகித்துக்கொள்ளலாம்.

லூ சோக்கி இந்த இடத்தில்தான் வருகிறார். கூர்விளிம்புப் பகடைகளைச் செய்து விற்ற இவர், ஏனைய உற்பத்தியாளர்கள் பளபளப்புக்காகப் பகடைகளை உருளையில் போட்டு உருட்டித் தேய்ப்பதால் அவை ஒழுங்கற்றுப்போகின்றன என்று பல பத்தாண்டுகள் சலிக்காமல் வாதாடினார். ஒரே வகைப் பகடைகளை அடுக்கி, அடுக்குகளின் உயரம் வேறுபடுவதைக் காட்டுவது அவருடைய வழக்கமான நிரூபணம். சோக்கியின் வாதத்தில் வியாபாரமும் கலந்திருந்தது என்பது உண்மைதான். ஆனால் பாரிஸ் சங்கத்துக்காரனின் குரலும் அதில் கேட்கிறது.

இப்போது ரெசின். எபாக்சியை நம் வீடுகள் 'அரால்டைட்' என்ற பெயரால் நெடுங்காலமாக அறியும். சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனம் 1946-இல் அறிமுகப்படுத்திய பெயர் அது. பிசினும் கடினமாக்கியும் கலந்தால் இறுகும் இந்தப் பொருளின் தெளிந்த வகையைக் கொண்டு வீட்டு மேசையில் பகடை வார்க்கும் கைத்தொழில், 2010-களின் பிற்பகுதியில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பரவி, 2020-இன் ஊரடங்கில் பெருகியது. பளிங்காக மெருகேற்றிய மூலப்பகடையைச் சுற்றிச் சிலிகோனை ஊற்றி அச்செடுக்கிறார்கள். பிளாட்டினம் வகைச் சிலிகோன் இதற்கு உகந்தது, ஆனால் கந்தகம் பட்டால் இறுகாது. சாதாரண ரப்பர் கையுறை அணிந்து தொட்ட மூலப்பகடைகூட அச்சைப் பாழாக்கிவிடும். ரெசினை அச்சில் ஊற்றி, காற்றழுத்தக் கலனுக்குள் சதுர அங்குலத்துக்கு 40 பவுண்டு அளவில் அழுத்தி வைத்தால் குமிழிகள் கண்ணுக்குத் தெரியாத அளவு சுருங்கிவிடும். அச்சையும் அதே அழுத்தத்தில் செய்திருக்கவேண்டும். இல்லையேல் சிலிகோனுக்குள் சிக்கிய குமிழி அழுத்தத்தில் ஒடுங்கி, பகடையின் முகத்தில் பருக்கள் எழும்.

இத்தொழிலில் எனக்கு மிகவும் வியப்பூட்டியது, பகடைக்குள் பகடை வைக்கும் வேலை. எண்களே இல்லாத, அளவில் சிறிய ஒரு வெற்றுக்கட்டையை முதலில் வார்த்துக்கொள்கிறார்கள். அதில் மைச்சுழல்களோ பொன்தாள் துணுக்குகளோ இருக்கலாம். பிறகு அதைப் பெரிய அச்சுக்குள் வைத்துச் சுற்றிலும் தெளிந்த ரெசினை ஊற்றவேண்டும். எபாக்சி இறுகும்போது சற்றே சுருங்கி அடர்த்தி கூடுகிறது, ஆகவே இறுகிய வெற்றுக்கட்டை நீர்ம ரெசினில் மூழ்கும். அதனால் முதலில் அடியில் ஒரு மெல்லிய படலம் ஊற்றி, அது பாகுபதத்துக்கு வரும்வரை காத்திருந்து, கட்டையை நடுவில் அமர்த்தி, மீதியை ஊற்றுகிறார்கள். அவசரப்பட்டால் கட்டை அடிதட்டும். தாமதித்தால் இரண்டு ஊற்றல்களுக்கும் இடையே கோடு தெரியும். பாகுபதம் என்று நான் எழுதியது தற்செயலல்ல. கமர்கட்டுக்குக் கம்பிப்பதம் பார்க்கும் கண்ணும் கையும்தான் இதற்கும் வேண்டும்.

பாரிஸ் சங்கம் கண்டால் திகைத்திருக்கும். எது ஏழு நூற்றாண்டுகளாகக் குற்றமாக இருந்ததோ, பகடைக்குள் வேறொன்றை வைப்பது, அது இங்கே அழகாகி, எல்லோரும் காணும்படி ஒளியில் நிற்கிறது. இதில் நியாயம் கெடுகிறதா என்றால், கட்டாயமாக இல்லை. வெற்றுக்கட்டை மிகச்சரியாக நடுவில் நின்றால், அதன் அடர்த்தி சற்றே வேறாக இருந்தாலும் எடைமையம் நகராது. ஒரு பக்கம் சாய்ந்து, அடர்த்தியும் வேறாக இருந்தால்தான் அது ஈயத்தின் வேலையைத் தொடங்கும். உள்ளே பொன்தாள் ஒரு மூலையில் குவிந்தாலும் அப்படியே. பகடையை விட அதைச் சுற்றியுள்ள பேச்சு மிகை என்று சிலர் சொல்வதும் தவறில்லை. நண்பர்கள் நால்வர் கதை சொல்லி ஆடும் ஆட்டத்தில் பந்தயம் ஏதுமில்லை. இருந்தும், கையால் செய்தவர் அதைச் சோதிக்காமல் விட்டால் என் மனம் ஒப்பவில்லை.

பெரும் ஆபத்து மெருகேற்றலில் இருக்கிறது. முப்பது மைக்ரானில் தொடங்கி ஒரு மைக்ரான் வரை இறங்கும் ஆறு வகைத் தாள்களில், நனைத்த பகடையின் ஒவ்வொரு முகத்தையும் தேய்க்கவேண்டும். அச்சு மூடியின் பக்கம் இருந்த முகத்தில் பிசிறு இருக்கும், எனவே அதை மட்டும் கூடுதலாகத் தேய்க்கக் கை துடிக்கும். அப்படித் தேய்த்தால் அந்த முகமும் அதன் எதிர்முகமும் நெருங்கிவிடும். நெதர்லாந்தின் ரோமானியப் பகடைகளுடைய கோணல் அந்த மேசையில் மறுபடி பிறக்கும்.

தேய்ப்பவரின் உடலுக்கும் விலை உண்டு. கடினமாக்கியில் உள்ள அமீன்கள் தோலில் ஒவ்வாமையை உண்டாக்குபவை. ஒருமுறை அது வந்துவிட்டால் பெரும்பாலும் வாழ்நாள் முழுதும் விடாது, இறுகாத எபாக்சியின் அருகே போனாலே கைகளில் கொப்புளம் எழும். நைட்ரைல் கையுறை, முகமூடி, காற்றோட்டம் ஆகியவற்றைப் பொருட்படுத்தாமல் அழகில் மயங்கித் தொடங்கி, கைகள் வெந்து தொழிலையே கைவிட்டவர்கள் உண்டு. பளபளக்கும் படங்களில் இந்தப் பகுதி வருவதில்லை.

சோதனை எளிது. ஒரு குவளை வெந்நீரில் கொள்ளும் மட்டும் உப்பைக் கரைத்து, குமிழி அடங்கியபின் பகடையைப் போட்டால் அது மிதக்கும். விரலால் சுண்டிச் சுழற்றிவிட்டு, எந்த எண் மேலே வந்து நிற்கிறது என்று குறித்துக்கொள்ளவேண்டும். மறுபடி சுண்டவேண்டும். பத்து முறையும் பதினேழே மேலே வந்தால், அதற்கு நேர் எதிரே இருக்கும் நான்கின் பக்கம் உள்ளே ஏதோ கனத்துக்கிடக்கிறது. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால், நடுவிலிருக்கும் வெற்றுக்கட்டை அந்தப் பக்கம் ஒரு மயிரிழை சாய்ந்திருப்பது தெரியும்.