உயிராபத்து என்னும் எல்லை: முத்துக்குளித்துறையும் பேச இயலாத குழந்தைக்கான முடிவுகளும்

தன் உடலுக்கு நேரவிருப்பதைப் பற்றித் தானே கருத்துச் சொல்ல முடியாத குழந்தைக்காக முடிவெடுக்கும் உரிமை யாரிடம் இருக்கிறது என்னும் கேள்வி, வேம்பாறு முதல் மணப்பாடு வரை ஏழு துறைகளைக் கொண்ட முத்துக்குளித்துறைக் கரைக்கு ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளாக அறிமுகமானது. பாதிரியார், மருத்துவர், நீதிபதி, அரசு அலுவலர் என்று விடை சொல்வோர் மாறிவந்தாலும், பெற்றோரின் விருப்பத்தைக் கடந்து செல்வதற்கு அவர்கள் வகுத்துக்கொண்ட எல்லை பெரும்பாலும் உயிராபத்து என்ற ஒன்றாகவே இருந்துவந்திருக்கிறது.

1535-க்கும் 1537-க்கும் இடையே இக்கரை மீனவரான பரதவர் கூட்டங்கூட்டமாகக் கத்தோலிக்கம் தழுவிய பின், 1542-இல் இக்கரைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார், பச்சிளங் குழந்தைகளுக்குத் தவறாமல் ஞானஸ்நானம் கொடுக்கும்படி தம் உடன்பணியாளரான மான்சிலாசுக்குக் கடிதங்களில் மீண்டும் மீண்டும் வலியுறுத்தினார். ஞானஸ்நானம் பெறாமல் இறக்கும் குழந்தையின் ஆன்மா பேரின்பத்தை இழக்கும் என்று அக்காலத் திருச்சபை நம்பியதால், இறக்கும் நிலையிலுள்ள குழந்தைக்குக் குரு இல்லாதபோது பொதுநிலையினர் எவரும், பிரசவம் பார்க்கும் மருத்துவச்சி உட்பட, தண்ணீர் ஊற்றலாம் என்ற வழக்கம், அதாவது அவசர ஞானஸ்நானம், ஏற்கப்பட்டிருந்தது. கிறிஸ்தவரல்லாத பெற்றோரின் குழந்தைக்குப் பெற்றோர் சம்மதமின்றி ஞானஸ்நானம் கொடுக்கக்கூடாது, ஆனால் அது சாகும் நிலையில் இருந்தால் கொடுக்கலாம் என்ற நிலைப்பாட்டைப் பதினான்காம் ஆசீர்வாதப்பர் என்னும் போப் 1747-இல் விரிவாக எழுதினார். 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பிலும் அந்த விதிவிலக்கு நீடிக்கிறது. ஆன்மாவின் நலனை முன்னிட்டு வகுக்கப்பட்ட இவ்விதி, பெற்றோரின் உரிமை எங்கே நிற்கிறது என்பதற்குக் கோடு கிழித்த விதத்தில், பிற்காலச் சட்டங்களுக்கு விநோதமான அளவு நெருங்கியதாக இருக்கிறது.

சவேரியாருக்குப் பின் வந்த அண்ட்ரிக் அடிகளார் என்னும் என்ரிக்கே என்ரிக்கஸ், தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூல்களை உருவாக்கியவர் என்றே பெரிதும் நினைவுகூரப்படுகிறார். 1550-ஐ ஒட்டிப் புன்னைக்காயலில் அவர் நிறுவிய மருத்துவமனை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. நோயாளியைப் பராமரிக்கும் பொறுப்பு குடும்பத்தின் கையிலிருந்து ஒரு நிறுவனத்தின் கைக்கு நகர்ந்ததற்கு இக்கரையில் அது தொடக்ககாலச் சான்று.

நிறுவனத்தின் கைக்கு வந்த குழந்தைக்கு யார் சம்மதம் தருவது என்பதை எழுத்தில் வரையறுத்தது ஆங்கிலேயர் ஆட்சி. 1860-ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம், 89-ஆம் பிரிவில், பன்னிரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையையும் சித்த சுவாதீனம் இல்லாதவரையும் ஒரே வரிசையில் வைத்து, அவர்களின் நன்மைக்காகப் பாதுகாவலரின் சம்மதத்தோடு நல்லெண்ணத்துடன் செய்யப்படும் செயல் குற்றமாகாது என்றது; கொடுங்காயம் ஏற்படுத்தும் செயலுக்கு, அது மரணத்தையோ கொடுங்காயத்தையோ தடுக்கவோ, கொடிய நோயையோ உடற்குறையையோ குணப்படுத்தவோ செய்யப்பட்டிருக்க வேண்டும் என்ற வரம்பைச் சேர்த்தது. இவ்விதி இன்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 27-ஆம் பிரிவாகத் தொடர்கிறது. பிறவியிலேயே வேறுபட்டிருக்கும் உடலை நோய் என்பதா, குறை என்பதா, வெறும் வேறுபாடு என்பதா என்று தீர்மானிக்கும் வேலையை இச்சட்டம் மருத்துவரிடம் விட்டுவிட்டது. இருபதாம் நூற்றாண்டில் அந்த இடைவெளியில்தான் அறுவைக்கத்தி நுழைந்தது.

ஆண், பெண் என்ற இரண்டில் ஒன்றாக எளிதில் வகைப்படுத்த முடியாத பால் உறுப்புகளோடோ குரோமோசோம்களோடோ பிறப்போர் இடைப்பாலினர் எனப்படுகின்றனர். 1950-களில் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையைச் சேர்ந்த ஜான் மணியும் அவருடைய சகாக்களும், இத்தகைய குழந்தைக்குத் தவழும் பருவத்திலேயே ஒரு பாலை ஒதுக்கி, அதற்கேற்ப உறுப்பை அறுத்துத் திருத்தி வளர்த்தால் குழந்தை அதை ஏற்றுக்கொள்ளும் என்று போதித்தனர். உலகெங்கும் நடைமுறையான இக்கோட்பாட்டுக்குப் பெரிய ஆதாரமாகக் காட்டப்பட்டவர் டேவிட் ரைமர். விருத்தசேதன விபத்தில் உறுப்பை இழந்து பெண்ணாக வளர்க்கப்பட்ட அவர், பதின்பருவத்தில் அந்த அடையாளத்தை உதறிவிட்டு ஆணாக வாழ்ந்தார் என்பது 1997-இல் வெளிவந்தபோது கோட்பாடு ஆட்டங்கண்டது. இடைப்பாலினக் குழந்தைகள் சிலருக்கு உண்மையான உயிராபத்து வேறோர் இடத்தில் இருந்தது. அட்ரீனல் சுரப்பியின் பிறவிக் கோளாறுகளில் ஒரு வகையில், உடல் உப்பைத் தக்கவைக்க இயலாமல் பிறந்த சில வாரங்களிலேயே உயிர் போகக்கூடும். அதைத் தடுப்பவை ஹார்மோன் மருந்துகளே அன்றி, உறுப்பின் தோற்றத்தை மாற்றும் அறுவை அன்று. ஆகவே அவசரம் என்ற பெயரில் நடந்தவற்றுள் பல, குழந்தையின் அவசரத்தைவிட ஊர் வாய்க்கு அஞ்சிய குடும்பத்தின் அவசரமாகவே இருந்தன என்று சொல்வது மிகையாகாது.

இத்தகைய அறுவைகளுக்குத் தடை வந்த வழி எவரும் எதிர்பாராதது. 2018 அக்டோபர் 31 அன்று இதே கரையிலுள்ள தூத்துக்குடியின் சங்கரராமேசுவரர் கோயிலில் ஓர் ஆணும் ஒரு திருநங்கையும் மணம் புரிந்துகொள்ள, பதிவு அலுவலர்கள் அத்திருமணத்தைப் பதிய மறுத்தனர். மணமகள் என்பதில் திருநங்கையும் அடங்குவார் என்று 2019 ஏப்ரல் 22 அன்று தீர்ப்பளித்த உயர்நீதிமன்ற மதுரைக் கிளையின் நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன், வழக்கில் கோரப்பட்டதைத் தாண்டி, இடைப்பாலினக் குழந்தைகள்மீது பால் மாற்று அறுவைகள் செய்யப்படுவதைத் தடைசெய்யும்படி அரசுக்கு உத்தரவிட்டார். மதுரையைச் சேர்ந்த செயற்பாட்டாளர் கோபி சங்கரின் பணியைச் சுட்டிய அத்தீர்ப்பு, பெற்றோரின் சம்மதத்தைக் குழந்தையின் சம்மதமாகக் கொள்ள முடியாது என்றது. திருமணப் பதிவு கேட்டு வந்த வழக்கில் இதைச் சொல்லியிருக்க வேண்டுமா என்று சட்ட அறிஞர் கேட்கலாம். ஆனால் தங்களுக்காக வழக்குத் தொடர முடியாதவர்களின் பிரச்சினை பிறர் வழக்கின் வழியாகவே நீதிமன்றத்துக்குள் வந்திருக்க முடியும்.

2019 ஆகஸ்ட் 13 அன்று வெளியான சுகாதாரத் துறையின் 355-ஆம் எண் அரசாணை இத்தடையை நடைமுறைப்படுத்தியது. இதைச் செய்த முதல் இந்திய மாநிலம் தமிழ்நாடு. விதிவிலக்கு உயிருக்கு ஆபத்தான நிலை மட்டுமே. எது அந்நிலை என்பதையும் தனி மருத்துவர் தீர்மானிக்க முடியாது. குழந்தை அறுவை மருத்துவர், நாளமில்லாச் சுரப்பி மருத்துவர், சமூகப் பணியாளர் அல்லது உளவியலாளர் அல்லது இடைப்பாலினச் செயற்பாட்டாளர், அரசுப் பிரதிநிதி ஆகியோர் கொண்ட குழுவே அதைச் சொல்ல வேண்டும். ஆயினும் இது சட்டமன்றம் இயற்றிய சட்டம் அன்று, நிர்வாக ஆணை.

குழந்தை வளர்ந்து தானே முடிவெடுக்கும் வரை காத்திருக்கலாம் என்பதே இத்தடையின் அடிப்படை. ஆனால் ஒருபோதும் அவ்வாறு முடிவெடுக்க இயலாத, கடுமையான அறிவுத்திறன் குறைபாடுடைய குழந்தையின் விஷயத்தில் இந்த நியாயம் போதாது. 2004-இல் சியாட்டிலில் இத்தகைய ஆறு வயதுச் சிறுமி ஒருத்தியின் கருப்பை, பெற்றோரின் வேண்டுகோளின்படி அகற்றப்பட்டு, தூக்கிப் பராமரிக்க எளிதாக இருக்கும்பொருட்டு வளர்ச்சியும் ஹார்மோனால் நிறுத்தப்பட்டது. 1994-இல் மகாராஷ்டிரத்தின் ஷிரூர் அரசு இல்லத்திலிருந்த அறிவுத்திறன் குறைபாடுடைய பெண்களுக்கு, மாதவிடாய்த் தூய்மையைக் காரணம் காட்டிப் புணேயில் கருப்பை நீக்கப்பட்டது. இரண்டிலும் உயிராபத்து இல்லை. பராமரிப்போரின் சுமை இருந்தது. அச்சுமை பொய்யன்று என்பதும், அதைக் குறைக்க வேண்டிய அரசே ஷிரூரில் கத்தியை நாடியது என்பதும் சேர்த்தே கருதப்பட வேண்டியவை.

இன்று தூத்துக்குடி மாவட்டத்திலும், பதினெட்டு வயதைக் கடந்த அறிவுத்திறன் குறைபாடுடையோருக்குச் சட்டப் பாதுகாவலரை நியமிப்பது, 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி ஆட்சியர், பதிவுபெற்ற அமைப்பின் பிரதிநிதி, மாற்றுத்திறனாளி ஒருவர் ஆகியோர் அடங்கிய உள்ளூர்க் குழுவே. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், மலட்டுத்தன்மைக்கு இட்டுச்செல்லும் எந்தச் சிகிச்சையையும் அவரவர் சுதந்திரமான சம்மதமின்றிச் செய்யக்கூடாது என்று 10-ஆம் பிரிவில் கூறுகிறது. அதே சட்டத்தின் 92-ஆம் பிரிவு, மாற்றுத்திறனாளிப் பெண்ணின் சம்மதமின்றிக் கருவைக் கலைப்பதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கிவிட்டு, குறைபாடு கடுமையாக இருந்தால் மருத்துவரின் கருத்தும் பாதுகாவலரின் சம்மதமும் போதும் என்று விலக்கு அளிக்கிறது. உயிராபத்து என்ற சொல் அந்த விலக்கில் இல்லை.