களைக்கொல்லி அடித்தும் களை சாகவில்லையா? டோஸைக் கூட்டாதீர்கள்!

களைக்கொல்லி அடித்த பிறகும் சில களைகள் பச்சையாகவே நிற்கின்றனவா? மருந்து போதவில்லை என்று அடுத்த முறை கூடுதலாகக் கலக்காதீர்கள். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலப் பருத்தி வயல்களில் நடந்ததைத் தெரிந்துகொள்ளுங்கள்.

கிளைபோசேட் கொல்வது எப்படி?

செடி வளரத் தேவையான மூன்று அமினோ அமிலங்களை உண்டாக்க இ.பி.எஸ்.பி.எஸ். என்ற நொதி (என்சைம்) வேண்டும். கிளைபோசேட் இந்த நொதியில் ஒட்டிக்கொண்டு அதன் வேலையை நிறுத்திவிடும். செடி மஞ்சளாகிக் காய்ந்துவிடும்.

சாகாத களையில் என்ன நடந்தது?

நம் தண்டுக்கீரைக்கு உறவான பால்மர் அமராந்தஸ் என்ற களை, ஜார்ஜியாவில் கிளைபோசேட்டுக்குச் சாகாமல் நின்றது. அதன் நொதி மாறிவிட்டதா என்று ஆய்வாளர்கள் சோதித்தார்கள். மாறவில்லை, மருந்து பட்டதும் பழையபடியே முடங்கியது. எனவே நொதியின் அளவைப் பார்த்தார்கள்.

இதற்கு உதவியது எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி). ஒரு நொதியை முயல் போன்ற விலங்கின் உடலில் செலுத்தினால், அந்த நொதியை மட்டும் பிடிக்கும் எதிர்ப்பொருள் அதன் ரத்தத்தில் உருவாகும். இலைச்சாற்றில் உள்ள புரதங்களைப் பிரித்து, ஒரு தாளில் படியவைத்து, எதிர்ப்பொருளைச் சேர்த்தால், நொதி உள்ள இடத்தில் பட்டை தெரியும். பட்டை அடர்த்தியாக இருந்தால் நொதி அதிகம்.

சாகாத களைகளில் பட்டை அடர்த்தியாக இருந்தது. இந்த நொதிக்கான மரபணு, சாதாரணச் செடியைவிட 5 முதல் 160 மடங்குக்கு மேல் பெருகியிருந்தது. 2010-ல் இந்த முடிவு வெளியானது. அடித்த மருந்து ஒரு பங்கு நொதியை முடக்கினாலும், மீதி நொதி செடியைக் காப்பாற்றிவிடுகிறது.

நீங்கள் செய்ய வேண்டியவை

* தப்பிய களைகளைப் பூக்கும் முன்பே வேரோடு பிடுங்குங்கள். பால்மர் களையின் ஒரு செடியே லட்சக்கணக்கில் விதை உதிர்க்கும்.
* ஒரே களைக்கொல்லியை ஆண்டுதோறும் அடிக்காதீர்கள். பெயரை மட்டும் மாற்றாமல், வேறு விதமாகச் செயல்படும் மருந்தாக மாற்றுங்கள்.
* லேபிளில் உள்ள அளவு, பயிரை மீறாதீர்கள். கிளைபோசேட்டை உரிமம் பெற்ற பூச்சிக்கட்டுப்பாட்டாளர்கள் மூலமே பயன்படுத்த வேண்டும் என மத்திய அரசு 2022 அக்டோபரில் அறிவித்தது.
* கைக்களை, மூடாக்கு, பயிர் சுழற்சியைச் சேர்த்துச் செய்யுங்கள்.

மருந்துக்குத் தப்பிய களையின் விதைதான் அடுத்த போகத்தில் முளைக்கும். இன்று பத்துச் செடியாக இருக்கும்போதே பிடுங்கிவிட்டால் செலவு குறைவு.