வன்னியில் மகப்பேற்றுப் பிற்கால உடல்நலம்: ஒரு சமூக வரலாற்று நோக்கு

நோய்களின் வரலாற்றை மருந்துகளின் வரலாறாக மாத்திரம் எழுதும் மரபு எம்மிடையே நிலைபெற்றுள்ளது. எவ்வர்க்கத்தினர், எத்தகைய உழைப்பில் ஈடுபட்டிருந்த நிலையில் ஒரு நோய்க்கு ஆளாயினர் என்னும் வினா அம்மரபில் எழுவது அரிது. மகப்பேற்றின் பின் தோன்றும் இடுப்புத் தளத் தளர்ச்சி இவ்வினாவை வற்புறுத்தும் ஒரு பொருளாகும். அறுவைச் சிகிச்சையின்றியே பெரிதும் சீர்செய்யத்தக்க இக்குறைபாட்டிற்கு வேண்டிய காலமும் ஓய்வும், வன்னிப் பெருநிலப்பரப்பின் உழைக்கும் பெண்ணுக்கு எவ்வாறு கிட்டின, எவ்வாறு மறுக்கப்பட்டன என்பதை இங்கு ஆராய்வோம்.

சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் ஆகியவற்றைக் கீழிருந்து தாங்கி நிற்கும் தசைத் தொகுதியே இடுப்புத் தளம். மகப்பேற்றின்போது அது மிகையாக விரிந்து நலிவடைகின்றது. அதன் விளைவாக, இருமும்போதும் சுமை தூக்கும்போதும் சிறுநீர் கசிதல், அடிவயிற்றில் கனம் தோன்றுதல், கருப்பை கீழிறங்குதல் முதலியன நேர்கின்றன. தமிழ்நாட்டுக் கிராமப்புறப் பெண்கள் கருப்பை இறக்கத்தை 'அடி தள்ளுதல்' என்பர். நோய்க்குப் பெயருண்டு, அதனைத் தடுக்கவல்ல தசைக்கோ மக்கள் வழக்கிற் பெயரில்லை. அறிவு எவரிடம் தங்கிவிட்டது என்பதை இவ்வின்மை காட்டுகின்றது.

இத்தசையைப் பயிற்சியாற் பலப்படுத்தலாம் என்பது புதிய கண்டுபிடிப்பன்று. நடனக் கலைஞரும் இயன் மருத்துவருமான மார்கரெட் மொறிஸ், லண்டன் சென். தோமஸ் வைத்தியசாலையைச் சார்ந்த மின்னி ரண்டலுடன் இணைந்து 1936இல் மகப்பேற்றுக்கால உடற்பயிற்சி நூலொன்றை வெளியிட்டார். அமெரிக்கப் பெண்ணோயியல் மருத்துவர் ஆர்னோல்ட் கேகல் 1948இல் இப்பயிற்சியை முறைப்படுத்தினார். சிறுநீரையும் காற்றையும் அடக்குவதுபோல் தசையைச் சுருக்கி, மூச்சை அடக்காது சில வினாடிகள் நிறுத்திப் பின் முற்றாகத் தளர்த்துதலே பயிற்சி. ஒரு தடவைக்குக் குறைந்தது 8 சுருக்கங்களாக நாளொன்றுக்கு 3 தடவை, 3 மாதங்களேனும் தொடர்தல் வேண்டும். ஓரளவான இறக்கத்திலும் வழிகாட்டலுடன் கூடிய இப்பயிற்சி துன்பத்தைக் குறைப்பதாக, பிரித்தானியா, நியூசிலாந்து, அவுஸ்திரேலியா ஆகிய நாடுகளில் நிகழ்த்தப்பட்டு 2014இல் வெளியான ஆய்வு நிறுவிற்று. இறக்கம் கூடியவர்க்கு, உட்பொருத்தி வேண்டும்போது கழற்றிக் கழுவத்தக்க சிலிக்கன் வளையமுண்டு. மறுபுறம், இறக்கத்தைச் சீர்செய்ய யோனிவழி பொருத்தப்பட்டு வந்த செயற்கை வலையின் விற்பனையை, பாதுகாப்பு உறுதிப்படாமையால் அமெரிக்கா 2019இல் நிறுத்தியது. எனவே அறுவை தவிர்ந்த வழி ஏழைகளுக்கென ஒதுக்கப்பட்ட இரண்டாந்தர வழியன்று. அறிவியல் முதலிற் பரிந்துரைக்கும் வழியே அது.

ஆயின் இவ்வழிக்கு விலையுண்டு. பணத்தினும் மேலாக அது காலத்தையும் ஓய்வையும் வேண்டி நிற்கின்றது. ஈழத்துத் தமிழரிடையே வழங்கும் 31 நாள் துடக்கினை இக்கோணத்தில் நோக்குதல் பொருத்தமாகும். தீட்டு என்னும் கருத்து பெண்ணை இழிவுபடுத்தியது என்பதில் ஐயமில்லை. எனினும் அக்கருத்து வடிவத்தினுள்ளே, பிள்ளை பெற்றவளை நீர் சுமத்தலிலிருந்தும் வயல் வேலையிலிருந்தும் விலக்கிவைக்கும் பௌதிக உள்ளடக்கம் ஒன்றிருந்தது. அவ்விலக்கும் சமமாகப் பகிரப்படவில்லை. நிலமுடைய குடும்பத்திற் பத்தியமும் பணிவிடையும் கிட்டின. அன்றாடக் கூலியில் வாழ்ந்தவளுக்கு அரிவு வெட்டுக் காலம் துடக்கு முடியும்வரை காத்திராது.

நவீன மருத்துவமும் இவ்வேற்றுமையைக் களையவில்லை. மானிப்பாயிலிருந்து பணியாற்றிய சாமுவேல் கிறீன் (1822–1884) மகப்பேற்று மருத்துவத்தைத் தமிழில் நூலாக்கினார். ஆனால் அவரிடம் கற்றோர் ஆடவர். பெண்களுக்கென மக்லியோட் வைத்தியசாலை 1898இல் இணுவிலில் எழுந்தது. இவையனைத்தும் குடாநாட்டு நிகழ்வுகளே. காய்ச்சலாலும் தூரத்தாலும் பிரிபட்டிருந்த வன்னிக் கிராமங்களுக்கு மருத்துவிச்சியின் கைகளே எட்டின. 1926இல் களுத்துறையிற் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறை காலப்போக்கிற் பரவி, பிள்ளை பெற்றவளின் வீடு தேடி மருத்துவமாது செல்லும் வழக்கத்தை நாடெங்கும் ஏற்படுத்தியமை பெரும் முன்னேற்றமாகும். தாயின் உயிரைக் காத்தல் அதன் முதற்பணியாயிற்று. உயிர் பிழைத்தவளின் உடல் எந்நிலையிலுள்ளது என்பது பின்தள்ளப்பட்டது.

இரணைமடுக் குளத்தை அடுத்தெழுந்த குடியேற்றங்கள் நிலமற்றோருக்கு நிலம் வழங்கின. ஆயினும் 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் வாரிசு ஒழுங்கு, 2022ஆம் ஆண்டுத் திருத்தம் வரை ஆண்மக்களையே முற்படுத்தியது. களை பிடுங்கியவள், சூடடித்தவள், நெல் சுமந்தவள் நிலத்துக்கு உரியவளாகக் கருதப்படவில்லை. 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம், 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின் எத்தனையாவது பிள்ளைக்கும் 84 நாள் விடுமுறையை உறுதிசெய்கின்றது. ஆனால் தொழில்தருநர் எவருமற்ற குடும்ப வயலில் ஊதியமின்றி உழைப்பவளுக்கு அவ்விடுமுறையை யார் அளிப்பது?

போர் எஞ்சியிருந்த ஓய்வையும் பறித்தது. 2009ஆம் ஆண்டின் முதல் மாதங்களிற் புதுக்குடியிருப்பு வைத்தியசாலையே எறிகணைகளுக்கு இலக்காயிற்று. பச்சை உடம்புக்காரிகளும் குழந்தையையும் பொதியையும் சுமந்து முள்ளிவாய்க்கால் வரை நடந்தனர். அதன்பின் 2012 செப்தெம்பர் வரை மெனிக் முகாம் வாழ்வு நீடித்தது. மறைவோடு குளிப்பதற்கே இடமற்ற நிலையில், தம் மறைவான துன்பத்தை எவரிடம் அவர்கள் கூறியிருத்தல் கூடும்? மீள்குடியேறிய பின், கணவரை இழந்த பெண்கள் தனித்தே குடும்பச் சுமையைத் தாங்கினர்.

இந்நிலை வன்னிக்கு மட்டும் உரியதன்று. தமிழ்நாட்டின் செங்கற்பட்டுப் பகுதியில் இயங்கும் ருவ்செக் என்னும் கிராமிய மகளிர் அமைப்பைச் சார்ந்தோர் 1999இல் வெளியிட்ட ஆய்வு, கருப்பை இறக்கத்தை நெடுங்காலம் சகித்து வாழ்ந்த உழைக்கும் பெண்களின் அனுபவங்களைப் பதிவுசெய்தது. நேபாள உயர் நீதிமன்றம் 2008இல் இதனைப் பெண்களின் இனப்பெருக்க உரிமை சார்ந்த பிரச்சினையாக ஏற்றுத் தீர்ப்பளித்தது. அங்குப் பெருந்தொகையான அறுவைகள் செய்யப்பட்டபோதும், பிரசவித்த சில நாட்களிலேயே சுமை தூக்கவைக்கும் சமூக ஒழுங்கு மாறாதவரை நோய் தொடரும் என்ற விமர்சனம் எழுந்தமை மனங்கொள்ளத்தக்கது.

2024இல் கிளிநொச்சி வைத்தியசாலையில் மகளிர் நலத்துக்கெனச் சிறப்பு நிலையமொன்று திறக்கப்பட்டது வரவேற்கத்தக்கதே. ஆனால் இப்பயிற்சிக்கு வேண்டிய கருவி பெண்ணின் உடலிலேயே உள்ளது. வேண்டப்படுவது அதைக் கற்பிப்பவரும் அதற்கான அவகாசமும் ஆகும். வீடு தேடி வரும் மருத்துவமாது குழந்தையின் நிறையைக் கேட்பதோடு, தாயிடம் 'சிறுநீர் கசிகின்றதா, அடி கனக்கின்றதா' எனவும் தமிழிற் கேட்டல் வேண்டும். பயிற்சியைக் கற்பித்தலும், மாறாத துன்பமுடையோரை இயன் மருத்துவரிடமும் மகப்பேற்று நிபுணரிடமும் அனுப்புதலும் அவர் கடமையாதல் வேண்டும். கிராம மாதர் சங்கங்களும் கூட்டுறவு அமைப்புகளும் பிள்ளை பெற்றவளின் நீரையும் விறகையும் சில மாதங்களுக்கேனும் பகிர்ந்து சுமக்க முன்வருதல் வேண்டும். துடக்கின் இழிவு ஒழியட்டும். அதனுள் அடங்கியிருந்த ஓய்வு, உழைக்கும் பெண்கள் அனைவரதும் உரிமையாக நிலைபெறட்டும்.